வைரஸ் அடங்கினது ஜீனாலயா, மாத்திரையாலயா?

"மாத்திரைய நிறுத்திட்டேன் சார். என் உடம்புக்கே பவர் கீது."

காசிமேட்டுல விசைப்படகுல தொழிலுக்குப் போற அண்ணன் ஒருத்தர் ஓபியில சொன்னது. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

எச்ஐவி இருந்தும் மருந்தே இல்லாம வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க உண்டுன்னு யாரோ அவருக்கு வீடியோ அனுப்பியிருக்காங்க. அது பொய் இல்ல, அதான் சிக்கலே! எலைட் கன்ட்ரோலர்னு பேரு. நூறு பேர்ல ஒருத்தர் தேறினாலே அதிகம்.

நம்ம செல்லுக்குள்ள இருக்கற புரதத்தோட துண்டுகளை வெளியே நீட்டிக் காட்ட ஒரு 'கை' இருக்கு. பேரு எச்எல்ஏ. ஹார்பர்ல கன்டெய்னரைத் திறந்து சாம்பிள் காட்டற மாதிரி. அதுல வைரஸ் துண்டு தெரிஞ்சா கில்லர் டி செல் வந்து அந்த செல்லையே அழிக்கும். வைரஸ் சும்மா இருக்குமா? துண்டை மாத்தி மாத்தி ஏமாத்தும்.

இந்தக் கையோட வடிவம் ஆளுக்கு ஆள் வேற. அதை முடிவு பண்றது ஜீன். பி57, பி27னு சில வகைக் கைகள் வைரஸோட உள்கூட்டுல சரியான இடத்தைப் பிடிச்சுக்கும். அங்க மாத்தினா வைரஸே பலவீனமாயிடும். 2010ல வந்த பெரிய சர்வதேச ஆய்வு ஒண்ணு, கன்ட்ரோலர்களையும் மத்தவங்களையும் பிரிக்கற முக்கியமான வித்தியாசம் எச்எல்ஏ-பி கையோட பள்ளத்துல இருக்கற சில அமினோ அமிலங்கள்லதான்னு காட்டுச்சு.

ஆனா பி57 இருந்தும் நோய் முத்தினவங்க நிறைய. கூத்து என்னன்னா, அதே குடும்பத்து பி57:01 இருக்கறவங்களுக்கு அபகாவிர்ங்கற எச்ஐவி மருந்தால உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம்.

நம்ம அண்ணன் முதல்ல வந்தப்பவே டிபி, சிடி4 இருநூறுக்குக் கீழ. ஜீன் காப்பாத்தின உடம்பு இல்ல அது. தினம் ஒரு மாத்திரைதான் வைரஸை அடக்கி வச்சிருந்துச்சு.

"ரிப்போர்ட்ல வைரஸே இல்லனு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சொன்னேன். சந்தோஷத்துல, அவசரத்துல. வாசல்ல இன்னும் அறுபது பேர் நின்னாங்க. 'மாத்திரை போடறவரைக்கும் தெரியாது, உள்ள ஒளிஞ்சிட்டு இருக்கும்'னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

புது வைரல் லோடு வந்தப்போ எண்ணிக்கை ஆயிரக்கணக்குல. பேப்பரை ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம், "கடலுக்குப் போனா பதினஞ்சு நாள் ஆவும். மாத்திரை நனையாம எதுல சார் வைக்கிறது?"ன்னு கேட்டார்.

மூடி இறுக்கமான டப்பா ஒண்ணு தேடிக் கொடுத்தேன்.