நிந்தவூரில் ஓர் இயந்திரப் பரீட்சை

நிந்தவூரில் மரம் பிளக்கும் இயந்திரமொன்று விலைக்கு வந்திருக்கிறதென்றும், அதைப் பார்க்கத் துணைக்கு வரவேண்டுமென்றும் எம் மைத்துனர் கேட்டபோது நாம் உடனே இணங்கிவிடவில்லை. இயந்திரங்களைப் பற்றி எமக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்த காலத்துச் சூத்திரங்கள் சில மாத்திரமே. மைத்துனரோ விடுவதாயில்லை. "மச்சான், கணக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர் பக்கத்தில் நின்றால் விற்கிறவர் கொஞ்சம் யோசித்துத்தான் விலை சொல்லுவார்" என்றார்.

அவர் அக்கரைப்பற்றில் விறகு காலை வைத்திருப்பவர். பேக்கரிகளுக்கும் கலியாண வீடுகளுக்கும் விறகு கொடுப்பது தொழில். அவருடைய காலையில் முப்பது வருடமாகக் கோடாரி பிடித்த முதியவருக்கு வலது தோள் இப்போது மேலே எழும்புவதில்லை. இளைஞர் எவரும் அந்த வேலைக்கு வருவதில்லை. ஆகவே இயந்திரம் வாங்கியே தீரவேண்டிய நிலைமை. அதற்கென அவர் மடியில் கட்டியிருந்த பணத்திலே பாதி, எம் தங்கையின் காப்புகள் இரண்டை அடகு வைத்துப் பெற்றது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகே எமக்குத் தெரிய வந்தது. அதன்பின் வேடிக்கை பார்க்கும் மனம் எமக்கு இருக்கவில்லை.

கோடாரிக்கார முதியவரும் எம்மோடு வந்தார். அட்டாளைச்சேனையில் மெக்கானிக் ஒருவர் ஏறிக்கொண்டார். எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பதால் நாமும் அப்படியே அழைத்தோம். பாலமுனையும் ஒலுவிலும் கடந்து களியோடைப் பாலத்தை அடையும்போது, இந்தக் கரைவழிப் பாதையின் அழகு முழுவதும் தெரியும். கிழக்கே தென்னந்தோப்பும் அதற்கப்பால் கடலும். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் இந்தப் பக்கத்து வெள்ளாமையின் அளவையே மாற்றிவிட்டது. நாம் போன நாளில் சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலிலே ஆட்களைக் காட்டிலும் இயந்திரங்களின் சத்தமே மிகுதியாயிருந்தது.

இந்தப் பகுதியில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும், எந்தக் கம்பனியுடையதானாலும், அதற்குப் பெயர் 'லேண்ட்மாஸ்டர்' என்பதே. இந்தப் பெயரின் பின்னால் இலங்கையர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ரே விஜயவர்தன (1924–2010) என்ற பொறியியலாளர் 1950களில் வகுத்த கை உழவு இயந்திரமே இங்கிலாந்தில் அப்பெயரோடு உற்பத்தியாகி உலகெங்கும் போயிற்று. பிற்காலத்தில் அவரே அதைக் கண்டித்துப் பேசி, உழாமலே பயிர் செய்யும் முறையை ஆதரித்தவர் என்பது ஒரு விசித்திரம். அவர் மனம் மாறினாலும் எம் போடியார்கள் மாறவில்லை. பழுதான உழவு இயந்திரத்தின் என்ஜினைக் கழற்றி நீரிறைக்கவும், மாவரைக்கவும், விளக்கெரிக்கவும் பூட்டிக்கொள்வது இக்கரையில் சர்வசாதாரணம். நாம் பார்க்கப்போன இயந்திரமும் அந்தக் குலத்தில் உதித்ததே.

அதன் பிறப்பு 2022ஆம் ஆண்டு. சமையல் வாயு கிடைக்காமல் நாடு முழுவதும் சிலிண்டர்களோடு வரிசையில் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. வாயு அடுப்புக்கு மாறியிருந்த பேக்கரிக்காரர்கள் பழைய போறணைகளைத் தூசு தட்டி மறுபடியும் விறகு போட்டார்கள். நிந்தவூரில் பேக்கரி நடத்திய ஹாஜியார் ஒருவர், அப்போது கிடைத்த உருப்படிகளையெல்லாம் பொருத்தி இந்த இயந்திரத்தைச் செய்வித்தார். மண் வெட்டும் இயந்திரமொன்றிலிருந்து கழற்றிய ஹைட்ரோலிக் சிலிண்டர், எங்கோ வாங்கிய எண்ணெய்ப் பம்பி, இரும்புத் தண்டவாளத் துண்டு, கூரான ஆப்பு, இவற்றை ஓட்டுவதற்கு ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின். வாயு மீண்டும் வந்தது; போறணை அணைந்தது; இயந்திரம் மாமரத்தடிக்குப் போய்விட்டது.

"முதல்ல இருங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க. மெஷின் ஓடிப்போகாது" என்று ஹாஜியார் எங்களை வரவேற்றார். இஞ்சி போட்ட தேநீர் வந்தது. பாஸ் மாத்திரம் கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டே மாமரத்தடிக்குப் போய், என்ஜினின் தண்ணீர்த் தொட்டிமீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எம் பக்கம் திரும்பி, "சூடாயிருக்கு" என்றார். நாம் வருவதற்கு முன்பே யாரோ அதை ஓடவைத்து நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் முதற் சுற்றில் எழும்புகிறதா என்பதே அதன் நாடி. சூடேறிய என்ஜின் தன் நோயை மறைத்துவிடும். பாஸ் கோபிக்கவில்லை. "ஆறட்டும் ஹாஜியார், நாங்க ளுஹர் கழித்து வாறோம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த இடைவேளையில் கடற்கரைக்கு நடந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்த கரை இது. அன்று வந்து போன கடல், இப்போது சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மணலை அரித்துக்கொண்டிருக்கிறது. வேர் வெளிப்பட்டுச் சாய்ந்த தென்னைகள் அலையிலே தலை நனைத்துக் கிடந்தன. "இதெல்லாம் காலைக்குக் கொண்டுபோனால் என்ன?" என்று நாம் கேட்டதற்கு முதியவர் சிரித்தார். "தென்னை பிளக்காது ஐயா. அது நாரு. ஆப்பை விழுங்கிக்கொண்டு சும்மா கிடக்கும்" என்றார். தென்னைக்கு மற்ற மரங்களைப் போல வருட வளையமில்லை, நார்க்கற்றைகளே உண்டு என்று வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கியது.

பகல் சாய்ந்து திரும்பினோம். என்ஜின் ஆறியிருந்தது. பாஸ் கைப்பிடியைப் போட்டு மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் அது திமிறித் திருப்பி உதைத்தது. "அழுத்தம் இருக்கு" என்றார். மூன்றாம் சுற்றில் என்ஜின் எழும்பியது. முதலில் வெள்ளைப் புகை; சூடேற அது மறைந்தது. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறதென்று அர்த்தமாம், அது வரவில்லை. தண்ணீர்த் தொட்டியில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார், இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாயருகே கையைப் பிடித்தார். ஆவி பெரிதாக அடிக்கவில்லை. மைத்துனரின் முகம் மலர்ந்தது.

என்ஜினின் பக்கத்தில் அறைந்திருந்த தகட்டில் 12 குதிரைவலு என்று பொறித்திருந்தது. ஹாஜியார் கேட்ட விலை நான்கரை இலட்சம் ரூபா. அந்த விலைக்கு ஆதாரமே இந்தப் பன்னிரண்டுதான். ஆனால் பாஸ் தகட்டைப் பார்க்கவேயில்லை. சுரண்டியொன்றை வாங்கி, என்ஜின் உடலில் பூசியிருந்த பச்சைப் பெயின்றைச் சுரண்டினார். வார்ப்பிரும்பிலே புடைத்திருந்த எழுத்துகள் தெரிந்தன: ஆர் 180.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விடயம் சொல்லவேண்டும். சீனத்திலிருந்து வரும் இந்த ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களின் இலக்கம் வெறும் அலங்காரமன்று. முதலிலுள்ள 1 சிலிண்டர் ஒன்று என்பதையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் அதன் உள்விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். எஸ் 195 என்றால் 95 மில்லிமீற்றர். அதுவே 12 குதிரைவலு தரும் என்ஜின். 180 என்றால் 80 மில்லிமீற்றர். புதிதாயிருக்கும்போதே அதன் வலு எட்டைத் தொடாது. தகட்டைப் பிடுங்கி மாற்றலாம். வார்ப்பை மாற்ற முடியாது.

ஹாஜியாரின் முகம் மாறியது. "அல்லாஹ் மேல ஆணை தம்பி, செய்து தந்தவன் பன்னிரண்டு என்றுதான் காசு வாங்கினான்" என்றார். அவர் குரலைக் கேட்டவர் எவரும் அதை நம்பாமலிருக்க மாட்டார். ஏமாந்தவர் அவரே. காலையில் என்ஜினைச் சூடாக்கி வைத்தது பேரப்பிள்ளையின் வேலையென்றும் அப்போதுதான் தெரிந்தது.

மைத்துனர் போகலாமென்று எழுந்துவிட்டார். கணக்குக்காரராகிய எமக்கு வேலை வந்தது அந்த வேளையில்தான். பாஸ் சிலிண்டரின் உள்விட்டம் நான்கு அங்குலம் என்றார்; பரப்பு ஏறக்குறைய பன்னிரண்டரைச் சதுர அங்குலம். அழுத்தமானி 2,500 இறாத்தல் காட்டுமானால் ஆப்பைத் தள்ளும் விசை 31,000 இறாத்தலுக்கு மேல். கிட்டத்தட்ட 14 தொன். இந்தக் கணக்கில் என்ஜினின் வலு எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குதிரைவலு என்பது வேகத்தின் கணக்கு. ஆப்பு இருபத்துநான்கு அங்குலம் போக எங்கள் கைக்கடிகாரத்தில் 15 விநாடி பிடித்தது. அவ்வளவு தூரத்திற்கு வேண்டிய எண்ணெய் ஏறத்தாழ ஐந்து லீற்றர். ஆகவே பம்பி நிமிடத்துக்கு 20 லீற்றர் தள்ளுகிறது. அத்தனை எண்ணெயை அத்தனை அழுத்தத்தில் தள்ள, உராய்வு நட்டத்தையும் சேர்த்து, 9 குதிரைவலு வேண்டும். இருப்பதோ ஏழு, ஏழரை.

"ஏட்டுக் கணக்கு இருக்கட்டும் ஐயா, மரம் என்ன சொல்லுது என்று பார்ப்போம்" என்று முதியவர் எழுந்தார். குவியலிலே தேடி, கணு விழுந்து முறுகிய புளியங்குற்றி ஒன்றைப் புரட்டிக்கொண்டு வந்து போட்டார். ஆப்பு மரத்தில் பதிந்தது. பாதி வரை போயிற்று. கணுவைத் தொட்டதும் என்ஜின் கரும்புகை கக்கி, இரண்டு முறை முனகி, நின்றுவிட்டது. முற்றத்தில் எவரும் பேசவில்லை.

பாஸ்தான் பேசினார். பம்பியின் கப்பி ஆறு அங்குலம். அதைக் கழற்றி ஒன்பது அங்குலக் கப்பி பூட்டினால் பம்பியின் சுற்று மூன்றிலொரு பங்கு குறையும். எண்ணெய் குறையும், தேவைப்படும் வலுவும் ஆறுக்கு இறங்கும். அழுத்தமோ அப்படியே இருக்கும். 15 விநாடி 22 விநாடியாகும், அவ்வளவே. கல்முனைக்கு ஆள் அனுப்பிக் கப்பியும் நீளமான பெல்ட்டும் வருவித்தோம். அதைப் பூட்டி முடிக்க அஸர் தொழுகை முடிந்துவிட்டது. அதே குற்றி, அதே கணு. இம்முறை என்ஜின் தாழ்ந்த குரலில் உறுமியது, ஆனால் நிற்கவில்லை. ஆப்பு ஊர்ந்து போயிற்று. 'டப்' என்ற ஓசையோடு புளி இரண்டாய் விழுந்தது. முதியவர் குனிந்து பிளந்த முகத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

விலை பேசுவது நெடுநேரம் நடந்தது. அதை விரித்துரைக்க இடமில்லை. மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கு ஹாஜியார் சம்மதித்தார். தகட்டைத் தம் கையாலேயே பிடுங்கித் தென்னந்தோப்புப் பக்கம் எறிந்தார். கப்பிக்கான செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். பாஸ் மாத்திரம் இன்னொரு நிபந்தனை போட்டார்: இரண்டு கைகளாலும் பிடித்தாலொழிய ஆப்பு நகராதபடி பிடியை மாற்றிய பிறகே வேலைக்கு எடுக்கவேண்டும். 14 தொன்னுக்கு விரலும் விறகும் ஒன்றுதான் என்றார்.

இருட்டும் வேளையில், உழவு இயந்திரமொன்றின் பெட்டியில் அதை ஏற்றிக் கயிறு கட்டினோம். முன்னே இழுத்துச் சென்றதும் ஒரு 'லேண்ட்மாஸ்டர்' தான். களியோடைப் பாலத்தில் கடற்காற்று அடித்தது. பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த முதியவர், அந்தப் பிடியைத் தாம்தான் பிடிக்கப்போவதாகவும், தோளை உயர்த்த வேண்டாத வேலைதானே என்றும் மைத்துனரிடம் கேட்டார். "உங்களை விட்டால் வேறு யார் மாமா" என்றார் மைத்துனர். மீதிப் பணத்தை எண்ணிப் பார்த்தோம். ஒரு காப்பை மீட்க அது போதும். மற்றதற்கு இன்னும் எத்தனை மாட்டுவண்டி விறகு பிளக்கவேண்டுமென்று கணக்குப் போடும் வேலை எம்மிடமே விடப்பட்டது.