சுருண்ட இலையும் பழைய மண்ணும்

பெரிய காஞ்சிபுரத்தில் மண்ணுக்குத் தனிப்பெருமை உண்டு. ஐம்பூதத் தலங்களுள் நிலத்திற்குரியது இவ்வூர் ஏகாம்பரநாதர் திருக்கோவில். மாமரத்தடியில் அம்மை மணலால் அமைத்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் இலிங்கத்தின்மீது நீர் சொரிவதில்லை. திருமுழுக்கு ஆவுடையாருக்கே நிகழ்கிறது. மண்ணின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் பண்பு இவ்வழக்கத்துள் உறைந்திருக்கிறது.

அதே ஊரில், தறியே வீட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் நெசவாளர் தெருக்களில், செடி வைக்கத் தரையில் இடமில்லை. மொட்டைமாடியே தோட்டம், பைகளிலும் தொட்டிகளிலும் உள்ள மண்ணே நிலம். முதல் பருவத்தில் மிளகாயும் தக்காளியும் செழித்துக் காய்க்கின்றன. மறு பருவத்தில் அதே மண்ணைக் கொட்டிக் கிளறி, எருவிட்டு, மீண்டும் நாற்று நடுகிறார்கள். சில வாரங்களில் இளந்தளிர்கள் சுருளத் தொடங்குகின்றன.

அப்போது ஒருவர் இன்னும் ஒருபிடி உரம் இடுகிறார். மற்றொருவர் பூச்சிமருந்து தெளிக்கிறார். வேறொருவர் மண்ணையே தெருவோரம் கொட்டிவிட்டுப் புதுமண் வாங்குகிறார். மூவரும் காரணத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். புதுமண் எங்கோ ஓர் ஏரியிலிருந்தோ வயலிலிருந்தோதான் வந்தாக வேண்டும். சில விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் பல தேவை. மண்ணின் அருமையை உலகிற்கு உணர்த்தவே ஐக்கிய நாடுகள் அவை 2015 ஆம் ஆண்டைப் பன்னாட்டு மண் ஆண்டாகக் கொண்டாடியது. ஆகவே, பழைய மண்ணைக் குற்றவாளி என ஒதுக்குமுன் அதனை விசாரிப்பது கடமையாகும்.

இலையைப் படித்தல்

சுருள்தல் ஒன்றே, அதன் காரணங்கள் பல. மிளகாய் இலையின் விளிம்பு மேல்நோக்கி மடிந்து படகுபோல் குழிந்தால், சாறுறிஞ்சும் இலைப்பேனை ஐயுறலாம். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால், கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் சிலந்தி காரணமாகலாம். தளிர் சிறுத்து, நரம்புகள் தடித்து, செடியே குறுகி நின்றால், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரியாக இருக்கக்கூடும். இந்நோய்க்கு மருந்தில்லை, அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். எனினும், இந்த நச்சுயிரி மண்ணில் தங்குவதில்லை. ஈயின் வழியாகவே பரவுகிறது. செடி போனாலும் மண் குற்றமற்றது. இதற்கு மாறாக, புகையிலைத் தேமல் நச்சுயிரியோ நோயுற்ற வேர், இலை ஆகியவற்றின் எச்சங்களில் நெடுங்காலம் உயிர்த்திருக்க வல்லது.

எனவே, முதலில் இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு நோக்க வேண்டும். அடுத்து, அண்டைச் செடிகளைப் பார்க்க வேண்டும். புதுமண்ணில் நிற்கும் செடியும் சுருண்டிருந்தால் காரணம் காற்றிலோ பூச்சியிலோ இருக்கலாம். பழைய மண்ணில் நிற்பவை மட்டும் சுருண்டிருந்தால் விசாரணை வேரை நோக்கித் திரும்ப வேண்டும். உச்சிவெயிலில் சுருண்டு மாலையில் விரியும் இலையோ நோயாளி அன்று. நீரைச் சிக்கனம் செய்யும் அறிவாளி.

வேரைக் காணல்

வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் பல உண்மைகள் தெரியும். வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு குடியேறியிருக்கிறது. அவரை, பயறு வகைகளின் வேரில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் நல்ல முடிச்சுகளும் உண்டு. அவை வேரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எளிதில் உதிரும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியதாகும்.

வேர் பழுப்பேறி அழுகியிருந்தால் நீர்த்தேக்கம் காரணம். மாடித்தோட்டப் பைகளில் பெரிதும் பயன்படும் தென்னை நார்க்கழிவு, நாளடைவில் மட்கிப் பொடியாகி இறுகும். காற்று புகும் நுண்துளைகள் அடைபடும். உப்பும் ஒரு காரணமாகும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும், மீண்டும் மீண்டும் இட்ட உரமும் தொட்டிக்குள் உப்பைச் சேர்க்கின்றன. மண்ணின் மேல் வெண்படலம் படர்ந்து, இலைநுனி கருகினால், இன்னும் உரமிடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். அம்மண்ணை நல்ல நீரால் பலமுறை அலசி வடியவிடுவதே தீர்வு.

மண்ணிடமே கேட்டல்

மண்ணை வளப்படுத்த இடும் எருவே நஞ்சாவதும் உண்டு. 2008 ஆம் ஆண்டு பிரிட்டனில் வீட்டுத்தோட்டங்களில் தக்காளி, அவரை, உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள் விந்தையாகச் சுருண்டன. புல்வெளியில் தெளித்த அமினோபைரலிட் என்னும் களைக்கொல்லி புல்லில் தங்கி, கால்நடையின் வயிற்றைக் கடந்து, சாணத்தின் வழியாகத் தோட்டத்தை அடைந்திருந்தது. அவ்வாண்டே அங்கு அதன் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. எருவின் பிறப்பிடத்தைக் கேட்டறிய வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இத்தகைய ஐயத்தைத் தீர்க்க ஆய்வுக்கூடம் வேண்டா. சில விதைகள் போதும். ஒரு தொட்டியில் ஐயத்திற்குரிய மண்ணையும், மற்றொன்றில் நல்லதென அறிந்த மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் நான்கைந்து அவரை விதைகளை ஊன்ற வேண்டும். வெயிலும் நீரும் இரண்டிற்கும் ஒன்றாகவே அமைய வேண்டும். மூன்று வாரங்களில் முதல் தொட்டியின் இலைகள் மட்டும் சுருண்டால் குற்றம் மண்ணிலோ எருவிலோ உள்ளது. இரண்டும் ஒருபோல் தழைத்தால் மண் விடுதலை பெறுகிறது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்து ஒப்பிடுவதே அறிவியலின் அடிப்படை முறை. அதனை மாடியின் மூலையிலும் பயிலலாம்.

மண்ணை மீட்டல்

நூற்புழுவும் பூசணமும் உள்ள மண்ணைச் சித்திரை, வைகாசி வெயிலே தூய்மையாக்கும். பழைய வேர்களை நீக்கி, மண்ணை ஈரமாக்கிப் பரப்பி, ஒளிபுகும் நெகிழித்தாளால் காற்றுப்புகாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரங்கள் விட வேண்டும். அந்த வெப்பத்தில் நன்மைசெய்யும் நுண்ணுயிர்களும் குறைவதால், பின்னர் நன்கு மட்கிய எரு அல்லது மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, டிரைகோடெர்மா விரிடி ஆகியவற்றைக் கலந்து உயிரூட்ட வேண்டும். இறுகிய மண்ணுக்குப் புதிய நார்க்கழிவு சேர்ப்பதாயின் அது மட்கியதாக இருத்தல் நலம். மட்காத கழிவு சிதையும்போது செடிக்குரிய தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

மிளகாய், தக்காளி, கத்தரி ஆகிய மூன்றும் ஒரே குடும்பம்; ஒன்றின் பகை மற்றதற்கும் பகை. அவற்றை அடுத்துக் கீரையோ அவரையோ துலுக்கச்சாமந்தியோ பயிரிட்டால் மண் இளைப்பாறும். துலுக்கச்சாமந்தியின் வேரிலுள்ள வேதிப்பொருள் நூற்புழுவையும் கட்டுப்படுத்தும்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியைப் பிரித்து எறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி, முடிந்து, நெசவைத் தொடர்கிறார். மண்ணுக்கும் அந்தப் பொறுமை உரியது. ஒவ்வொரு பையின்மீதும் என்ன நட்டோம், என்ன இட்டோம், எப்போது இலை சுருண்டது என்று குறித்துவைப்பவர், அடுத்த பருவத்தில் ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. மண்ணின் வரலாறே அவருக்கு வழிகாட்டும்.