சங்கராபரணியும் திருவக்கரையும்

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி, செஞ்சியாறு, வராக நதி என்னும் பெயர்களாலும் வழங்கப்பெற்று, தொண்டியாற்றுடன் கூடும் இடத்தில் வீடூர் அணையில் தேங்கிப் பின் தென்கிழக்காக இறங்குகிறது. மழைக்காலம் நீங்கலாக அது பெரும்பாலும் மணற்படுகையே ஆதலால், புதுச்சேரியின் சாரம் போன்ற பகுதிகளில் வாழ்வோர் வில்லியனூர்ப் பாலத்தைக் கடக்கையில் பார்ப்பதையே ஆறென்று கொள்கின்றனர். அதன் தொன்மையை அறிய வேண்டுமாயின் மேற்கே, கரையோரச் சிற்றூரான திருவக்கரைக்குச் செல்ல வேண்டும்.

சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலில் மூலவர் மும்முக லிங்கமாக அமைந்திருக்க, வக்கிரகாளியை நாடிப் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் திரள்கிறது. மற்ற நாள்களில் ஊர் அமைதியானது. பார்க்க வேண்டிய ஊரும் அதுவே. ஊருக்கு அருகே செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்கள், அதாவது மண்ணுள் புதைந்த மரத்தின் திசுக்களில் நீரில் கரைந்த சிலிக்கா சிறிதுசிறிதாகப் படிந்து, வளையங்கள் அழியாமலே கல்லாகிவிட்ட அடிமரங்கள், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை உடையன என்பர். அவற்றில் வேரோ கிளையோ காணப்படாமையால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, பழங்கால வெள்ளம் வேறிடத்திலிருந்து அடித்துவந்து ஒதுக்கியவை என்று நிலவியலார் கருதுகின்றனர். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைக் குறித்து எழுதினார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்துவருகிறது. கோயிலுக்கு வருவோருள் பலர் இதை எட்டியும் பாராமல் திரும்புவது வருந்தத்தக்கது.

சுத்துக்கேணியில் இவ்வாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஊசுட்டேரிக்கு நீர் சேர்க்கிறது. வில்லியனூரையும் மாசிமகத் தீர்த்தவாரிக்குப் பெயர்பெற்ற திருக்காஞ்சியையும் கடந்தபின் ஆறு சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என இரண்டாகப் பிரிய, பின்னதன் கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானிய மட்கலங்களை வெளிக்கொணர்ந்து கடல்வணிகத்துக்குக் காலச்சான்று அளித்தது.

அரிக்கமேட்டின் சான்றுகளை அருங்காட்சியகங்களிலும் காணலாம்; கல்மரங்களோ தாம் ஒதுங்கிய மண்ணிலேயே கிடக்கின்றன. ஆதலின் அங்குச் செல்வோர் நினைவுப்பொருள் என்று ஒரு சில்லையும் எடுத்துவராதிருத்தல் வேண்டும்.