பெங்குவினும் என் பிழையும்

பெங்குவின் யாவும் பனியிலேயே வாழும் என்று யான் பன்னாள் எண்ணியிருந்தேன். மாணவர்க்கும் அவ்வாறே உரைத்தேன். பின்னர் நூல்களைப் பயின்றபோது என் பிழை புலனாயிற்று.

இப்பறவையில் ஏறக்குறைய 18 இனங்கள் உள. அவற்றுள் பேரரசப் பெங்குவின் தென்துருவக் கடற்பனிமீது கடுங்குளிர்காலத்தே முட்டையிடும். ஆண்பறவை அதனைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி அடைகாக்கும். கலாபகஸ் தீவுகளின் பெங்குவினோ பூமத்திய ரேகையின் வெயிலில், எரிமலைப் பாறை இடுக்குகளில் கூடமைக்கும். ஆழ்கடலினின்று எழும் குளிர்நீரும் அதனோடு பெருகும் மீனுமே அதனை வாழ்விப்பன. 1982-83-ஆம் ஆண்டுகளில் எல் நினோவால் அந்நீர் வெம்மையுற்றது, மீன் அருகிற்று, பெங்குவின்களின் தொகை ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறைந்தது.

பனி இன்றியும் அப்பறவை வாழும். குளிர்கடல் இன்றி வாழாது. இதனை மாணவர்முன் உரைக்க முதலில் நாணினேன். உரைத்தபின் மனம் தெளிந்தேன்.