ரெஜிபோம் கட்டுமரம்

2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், வடமராட்சி கிழக்கிலுள்ள எங்கள் ஊர்க் கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. மண்ணெண்ணெய் கிடையாத நாட்கள் அவை. விரிவுரைகள் இணையவழிக்கு மாறியிருந்தமையால் நானும் வீட்டிலிருந்தேன். சோளகம் மட்டும் விலை பேசாமல் வீசிக்கொண்டிருந்தது. அதைப் பாயிலே பிடிக்கத் தெரிந்தவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரே எஞ்சியிருந்தார். எண்பதை நெருங்கிய என் அப்பு.

ஆயின், அவரிடம் கடலைப் பற்றிக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கரையிலிருந்து வலை பொத்திக்கொண்டிருந்த என் தந்தையாரை ஆழிப்பேரலை கொண்டுசென்றது. எனக்கு அப்பொழுது இரண்டு வயது. அதன்பின் அப்பு கடலுக்குப் போகவில்லை, என்னைப் போகவிடவுமில்லை. "நீ படி மோனை" என்பதே அவர் எனக்குத் தந்த தொழிற்பயிற்சி. அதனாற்றான் கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்தேன். 'கட்டுமரம்' என்னுஞ் சொல்லின் வரலாறு எனக்குத் தெரியும். கட்டுமரமொன்றைத் தள்ளி இறக்கத் தெரியாது.

அச்சொல்லின் வரலாறும் நாம் மேடைகளிற் பேசுமளவுக்கு எளிதானதன்று. சோழமண்டலக் கரையில் இலேசான மரங்களைக் கட்டி அமைத்த மிதவைக்கு வழங்கிய பெயராகவே வில்லியம் டம்பியர் அதனை 1697 இல் வெளிவந்த தமது பயண நூலிற் குறித்தார். இன்று உலகம் அப்பெயரால் அழைப்பதோ இரட்டை உடற் கலத்தை. அவ்வமைப்பு பசிபிக் தீவினரது. 1876 இல் நியூயோர்க்கில் நதானியேல் ஹெரஷொவ் அத்தகைய 'அமரில்லிஸ்' என்னும் கலத்தைப் பந்தயத்தில் ஓட்டி ஏனைய படகுகளைத் திகைக்கவைத்தார். சொல் எம்முடையதாயின் கலமும் எம்முடையதே என்று நானும் ஒருமுறை விவாத மேடையில் முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது.

அந்த இரட்டை உடற் கலத்தின் மாதிரியொன்றையே செய்யத் தொடங்கினேன். பொறியியற் பீடத்து நண்பர் ஒருவர் பழைய வானொலிக் கட்டுப்பாட்டுக் கருவியையும் இரு சிறு மோட்டர்களையும் தந்துதவினார். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றது பாய்க்கயிற்றை இழுக்கும். மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டிகளின் பலகைகளை ஒட்டிச் சீவி, 90 சென்ரிமீற்றர் நீளத்தில் மிதவையொன்றை ஆக்கினேன். வலுவூட்டுவதற்காகப் படகு திருத்தும் ஃபைபர் ரெசினைப் பூசினேன். பூசிய இடமெல்லாம் என் கண்முன்னே குழிந்து கரைந்தது. ரெசினிலுள்ள ஸ்டைரீன் ரெஜிபோமைத் தின்றுவிடும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அந்த மணந்தான் அப்புவை முற்றத்துக்கு அழைத்து வந்திருக்கவேண்டும். புதிதாகச் சீவிக்கொண்டிருந்த மிதவையைக் கையிலெடுத்து நிறை பார்த்தார்.

"உள்ளுக்குக் கோறையோ?"

"இல்லை அப்பு. முழுக்க ரெஜிபோம்."

"அப்ப ஓட்டை விழுந்தாலும் தாழாது. உதுதான் மோனை, கட்டுமரம்."

நான் வாயடைத்து நின்றேன். ஃபைபர் படகின் உள்ளே தண்ணீர் ஏறினால் அள்ளி ஊற்றவேண்டும். கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. அலை மேலேறி இடுக்குகளால் வடிந்துவிடும். பெயரை வைத்து நான் வாதாடிய உறவை அவர் பொருளிலே கண்டுவிட்டார்.

அன்றிலிருந்து வேலை அவருடையதாயிற்று. மிதவைகளுக்கு மரப்பசையால் தாள் ஒட்டி, மேலே பொதி சுற்றும் நாடா சுற்றினோம். நான் ஒட்டிய மூங்கிற் குறுக்குத்தடிகள் முதல் ஓட்டத்திலேயே ரெஜிபோமைப் பிய்த்துக்கொண்டு வந்தன. அப்பு சிரிக்கவில்லை. மிதவைகளின் மேல் மெல்லிய பலகைத் துண்டுகளைப் பதித்து, தடிகளை நைலோன் கயிற்றால் அவற்றோடு வரிந்து கட்டினார். "ஒட்டினால் முறியும், கட்டினால் கொஞ்சம் அசையும்" என்றார். குடைச்சீலை பாயாயிற்று. மீன் தராசில் வைத்தபோது எல்லாமாக 870 கிராம்.

தொண்டைமானாற்று நீரேரியில் அது அடிக்கடி தலைகீழாயிற்று. கலத்தைப் பாதியளவாகச் சிறிதாக்கினால், அதே காற்றில் சாய்க்கும் திருப்பம் எட்டிலொன்றாகவும் நிமிர்த்தும் திருப்பம் பதினாறிலொன்றாகவும் குறையும் என்று நண்பர் விளக்கினார். ஆகவே பாயைச் சுருக்கி, முற்றாகக் கவிழாதிருக்கப் பாய்மர உச்சியில் ரெஜிபோம் உருண்டையொன்றைக் குத்தினேன். ஆனாற் காற்றை எதிர்த்துத் திருப்பும்போதெல்லாம், பாரமில்லாத அக்கலம் வேகமிழந்து நடுவே நின்றுவிடும். கரையில் நின்ற அப்பு பொறுமையிழந்தார்.

"காத்துக்கு முகத்தைக் காட்டாதை. முதுகைக் காட்டிச் சுத்தி வா!"

சுற்றி வந்தேன். பாய் மறுபக்கம் சடாரென விழுந்தது; கலம் ஓடியது. அப்பு கையை நீட்டினார். கருவியைக் கொடுத்தேன். எந்தப் பிடி எதற்கென்று ஒருமுறை கேட்டார். பொழுதுபடும் வரை திருப்பித் தரவில்லை. தந்தையாரும் இப்படித்தான் அவசரப்பட்டுத் திருப்புவார் என்று, திரும்பி வரும் வழியில், என்னைப் பாராமற் சொன்னார். அவர் தந்தையாரைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுவே முதன்முறை.

கலம் இப்பொழுது எங்கள் தாழ்வாரத்தில் தொங்குகிறது. வெயிலிற் சீலை இற்றுவிட்டதாம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது பழைய குடையொன்று கொண்டுவருமாறு அப்பு சொல்லியனுப்பியிருக்கிறார்.