தீர்ப்பும் தோற்றவர் செவியும்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி பார்லிமெண்டுத் தேர்தல் முடிவுகள் வெளியானபோது நாடெங்கும் ஒரு விந்தையைக் கண்டோம். 240 ஸ்தானங்களைப் பெற்று முதலிடத்தில் நின்ற பாரதீய ஜனதா கட்சியினரின் முகத்தில் வாட்டம். 99 ஸ்தானங்களே பெற்ற காங்கிரஸ்காரர்களின் முகத்தில் மலர்ச்சி! முன்னவர் 2019-இல் 303 பெற்றிருந்தனர். பின்னவர் 52-தான் பெற்றிருந்தனர். கூட்டணியின் 293 ஸ்தானங்களைக் கொண்டு முன்னவரே மீண்டும் ஆட்சி அமைத்தனர். ஆயினும் வென்றவர் ஆறுதல் தேடினர். தோற்றவர் ஆரவாரம் செய்தனர்.

நாம் குடியேறி வாழும் சித்தூரிலும் திருப்பதியிலும் இத்தகைய குழப்பம் இல்லை. இங்கே தோல்வி தோல்வியாகவே இருந்தது. மே 13-ஆம் தேதி பார்லிமெண்டுக்கும் ஆந்திர சட்டசபைக்கும் ஒருங்கே வாக்குப் பதிவு நடந்தது. 2019-இல் சட்டசபையின் 175 ஸ்தானங்களில் 151-ஐக் கைப்பற்றி ஆட்சி செய்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், இம்முறை 11 ஸ்தானங்களோடு நின்றுவிட்டது. தெலுங்கு தேசம், ஜன சேனை, பாரதீய ஜனதா ஆகிய மூன்றும் சேர்ந்த அணி 164 பெற்றது. பார்லிமெண்டின் 25 ஸ்தானங்களில் 21 அவ்வணிக்கே கிடைத்தன.

அன்று மாலை வீதிகளில் வெடிச்சத்தமும் மேளமும் காதைத் துளைத்தன. எதிர் வரிசையில் சில வீடுகளின் கதவுகள் சாத்தியே இருந்தன. மறுநாள் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் ஒரே பேச்சு: “இவ்வளவு கொடுத்தும் ஜனங்கள் ஏன் கைவிட்டனர்?” பதவியிழந்த முதல் மந்திரி திரு. ஜெகன்மோகன் ரெட்டியும் அன்று ஏறக்குறைய இதையேதான் கேட்டார். உதவி பெற்ற தாய்மார்களின் அன்பும் முதியோரின் அன்பும் எங்கே போயின என்பது அவர் வினா.

இந்த வினாவிலேயே தோல்வியின் காரணம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அன்னையர்க்குப் பள்ளிப் பணம், முதியோர்க்கு உதவித் தொகை, உழவர்க்கு மானியம் என அந்த ஆட்சி பணத்தை நேரே வழங்கியது உண்மை. அதனால் அடுப்பெரிந்த வீடுகள் நம் தெருவிலும் உண்டு. ஆனால் பெற்றவர்கள் அதனை எவரோ இட்ட பிச்சையாகக் கருதவில்லை. தாம் செலுத்தும் வரியிலிருந்து தமக்கு உரியது வந்ததாகவே கருதினர். எதிரணியினர் அதனினும் மிகுதியாகத் தருவதாக வாக்களித்ததையும் மறப்பதற்கில்லை. எனவே கொடுத்த கணக்கு ஒரு புறம் இருக்க, மற்றக் கணக்குகளைப் பார்த்தே மக்கள் தீர்ப்பு எழுதினர்.

அந்த மற்றக் கணக்குகள் யாவை? தலைநகர் எங்கே என்பதற்கு ஐந்தாண்டுகளாக விடை இல்லை. 2019 டிசம்பரில் மூன்று தலைநகர் யோசனை எழுந்தது. அதற்கான சட்டம் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. மதுவைப் படிப்படியாக ஒழிப்பதாகச் சொன்ன சர்க்கார், தானே கடை வைத்து முன்பின் அறியாத சரக்குகளை விற்றது. நிலச் சொத்துரிமைச் சட்டம் வந்தபோது, வழக்கு எழுந்தால் ஊர் நீதிமன்றத்துக்குப் போக இயலாதோ என்ற அச்சம் பரவிற்று. பாட்டனார் சம்பாதித்த நிலத்தின் பட்டாப் புத்தகத்தில் முதல் மந்திரியின் படம் எதற்கு என்று குடியானவர்கள் கேட்டனர். புதிய சட்டசபை 2024 ஜூலையில் அச்சட்டத்தை நீக்கியது.

வேலைவாய்ப்பின் கணக்கும் ஒன்று உண்டு. பிழைப்புத் தேடி வந்த நம்மவர்க்கு இது நெருங்கிய விஷயம். திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் பாட்டரி செய்யும் அமர ராஜா ஆலைகளை மூடுமாறு 2021-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டளையிட்டது. உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. ஈய மாசே காரணம் என்றது சர்க்கார். உரிமையாளர் தெலுங்கு தேசக் குடும்பத்தினர் என்பதே காரணம் என்றனர் எதிர்க்கட்சியினர். எது உண்மையாயினும், 2022 டிசம்பரில் அக்கம்பெனி 9,500 கோடி ரூபாய் முதலீட்டைத் தெலங்கானாவுக்கு அறிவித்தபோது, நம் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை கிடைக்குமா என்ற கவலை பல வீடுகளில் எழுந்தது.

இவற்றையெல்லாம் ஆள்வோர் ஏன் அறியவில்லை? ஏறத்தாழ 50 வீடுகளுக்கு ஒருவராக ஊர்தோறும் தொண்டர்களை நியமித்திருந்தனர். உதவிகள் அவர்கள் வழியே வீடு தேடி வந்தன. ஆனால் வீட்டின் குறை அதே வழியில் மேலே போனதாகத் தெரியவில்லை. சட்டசபை அங்கத்தினர்க்கும் மக்களுக்கும் இடையே இருந்த பழைய உறவும் தளர்ந்தது. பிறகு, குறை அங்கத்தினரிடமே என்று முடிவு செய்து, தேர்தலுக்கு முன் அவர்களில் பலரை விலக்கினர். பலரைத் தொகுதி மாற்றினர்.

2019-இல் சித்தூரில் அக்கட்சியின் சார்பில் வென்ற திரு. ஆரணி சீனிவாசுலுவுக்கு இம்முறை இடம் மறுக்கப்பட்டது. அவர் ஜன சேனையில் சேர்ந்து திருப்பதியில் நின்று வென்றார். சத்தியவேடு அங்கத்தினர் திரு. ஆதிமூலம் தெலுங்கு தேசத்துக்குச் சென்று அதே சத்தியவேட்டில் வென்றார். கூடூர் அங்கத்தினர் திரு. வரப்பிரசாத ராவ் பாரதீய ஜனதாவில் சேர்ந்து திருப்பதி பார்லிமெண்டுத் தொகுதியில் நின்றார். அவர் மட்டும் தோற்றார்.

இந்தக் கடைசிச் செய்தி நம் சிந்தனைக்கு உரியது. திருப்பதி பார்லிமெண்டுத் தொகுதியில் அடங்கிய ஏழு சட்டசபைத் தொகுதிகளிலும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தோற்றது. ஆனால் பார்லிமெண்டுக்கு அக்கட்சியின் டாக்டர் குருமூர்த்தியே சுமார் 14,500 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். 2021 இடைத்தேர்தலில் அவர் பெற்ற மிகுதி 2,70,000-க்கும் மேல். பக்கத்துச் சித்தூரிலோ தெலுங்கு தேசம் 2,00,000-க்கு மேற்பட்ட வாக்கு மிகுதியால் வென்றது.

ஒரே நாள், ஒரே சாவடி, ஒரே விரல். இரு வேறு தீர்ப்புகள்! சட்டசபைக்கு மாற்றத்தை விரும்பியவர்களில் ஒரு பகுதியினர் பார்லிமெண்டுக்குத் தாமரையில் வாக்கிட மனம் கொள்ளவில்லை. வாக்காளர் மந்தை என்போர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 11 ஸ்தானங்களே பெற்ற கட்சிக்கு வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். ஐவரில் இருவர் என்று கொள்ளலாம். அவர்கள் சார்பில் பேச வேண்டிய கடமை அந்த 11 பேருக்கு இருந்தது. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் என்ற அந்தஸ்து வேண்டுமென வாதாடி, சட்டசபைக் கூட்டங்களை அவர்கள் பெரும்பாலும் புறக்கணித்தனர். வாக்கு இயந்திரத்தின் மீதும் ஐயத்தைக் கிளப்பினர். தோற்றது ஒரு பிழை என்றால், தோற்றபின் பேச மறுத்தது அதனினும் பெரும் பிழை.

தோற்றவர் எழ முடியாது என்பதில்லை. இதே ஜில்லாவின் சந்திரகிரியில் 1983-இல் காங்கிரஸ் மந்திரியாக நின்று தோற்றவர் திரு. சந்திரபாபு நாயுடு. அன்று திருப்பதியில் வென்றவர் திரு. என். டி. ராமராவ். பின்னர் திரு. நாயுடு குப்பத்தில் காலூன்றினார். 2019-இல் அவர் கட்சிக்குக் கிடைத்தவை 23 ஸ்தானங்களே, 2024-இல் 135. அந்த 135 பேரும் 2019-ஐயும் மறவாதிருப்பது நலம்.

வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் உள்ள பொறுப்பு நமக்கும் உண்டு. 2024 மே 14-ஆம் தேதி திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழக வளாகத்தில் சந்திரகிரியின் தெலுங்கு தேச அபேட்சகர் தாக்கப்பட்டார். ஜூன் 4-க்குப் பின் மாநிலத்தின் பல இடங்களில் தோற்ற கட்சியினர் தாக்கப்பட்டனர். இரு பக்கத்தாரும் நம் அண்டை வீட்டார். நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிப்போர் அவர்தம் பிள்ளைகள்.

“வெளியூரிலிருந்து பிழைக்க வந்த நமக்கு இதெல்லாம் எதற்கு?” என்று நம்மவரில் சிலர் ஒதுங்குகின்றனர். இங்கே வரி செலுத்துகிறோம்; இவ்வூர்த் தண்ணீரையே குடிக்கிறோம். ஆதலின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், அஞ்சாமல் வாக்களிப்பதும், குறையைக் கண்டால் ஆள்வோர் எவராயினும் வாய் திறந்து சொல்வதும் நம் கடமையாகும். தோற்றவர் வீட்டு வாசலில் வெடி வைக்காதிருப்பதும் அக்கடமையில் சேர்ந்ததே.