விடுவிப்பு என்னும் சொல்

மனத்துக்கு நெருக்கமான நாவலொன்று திரைப்படமாகிறது என்னும் செய்தி, வாசகருக்கு மகிழ்ச்சியையும் கலக்கத்தையும் ஒருசேரத் தருவது. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993-இல் வெளிவந்து, மறு ஆண்டே அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் பெருமைக்குரிய நியூபெரி பதக்கத்தைப் பெற்ற நாவல். அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்டதும் அதுவே. வைக்கக்கூடாது என்று பெற்றோரால் அடிக்கடி ஆட்சேபிக்கப்பட்டதும் அதுவே. பிலிப் நோய்ஸ் இயக்கத்தில் 2014-இல் அது படமாயிற்று. நாங்கள் அப்படத்தைப் பார்க்காமல் நெடுங்காலம் தள்ளிப்போட்டோம். எங்கள் மகளுக்குப் பதினொரு வயதானபோது நாவலை இரவுதோறும் தமிழில் சொல்லி முடித்த பின்னர்தான், மூவருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

நாவலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சில வார்த்தைகள். பசி, போர், பொறாமை எதுவுமற்ற ஓர் ஊர். அங்கே தட்பவெப்பம் மாறுவதில்லை, குன்றுகள் இல்லை, நிறங்களும் இல்லை. கடந்த காலத்தின் நினைவுகள் யாவும் ஒரே ஒரு முதியவரிடம் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. பன்னிரண்டு வயதில் ஒவ்வொருவருக்கும் தொழில் வகுத்துத் தரப்படும் விழாவில், ஜோனாஸ் என்னும் சிறுவன் அந்நினைவுகளின் அடுத்த வாரிசாகத் தேர்வாகிறான். முதியவர் நினைவுகளை அவனுக்குத் தரத் தொடங்க, ஊர் எதை விலையாகக் கொடுத்து அமைதியை வாங்கியிருக்கிறது என்பது அவனுக்குப் புலப்படுகிறது.

நாவலின் மாபெரும் தந்திரம் நிறத்தில் இருக்கிறது. ஜோனாஸ் ஓர் ஆப்பிளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறான்; அது ஒரு கணம் ஏதோவொரு வகையில் 'மாறுகிறது'. எப்படி மாறிற்று என்று அவனால் சொல்ல முடியவில்லை. பல அத்தியாயங்கள் கழிந்த பிறகே அவன் கண்டது சிவப்பு என்பதும், அதுவரை நாம் உலவிய ஊரில் நிறமே இல்லை என்பதும் தெரியவருகின்றன. நமக்குத் தெரியாமலேயே அத்தனை பக்கங்களுக்கும் நாம் வண்ணம் தீட்டியிருந்தோம் என்று திடுக்கிடுகிறோம். சொல்லப்படாததைச் சொல் மறைத்துவிடும். திரைக்கு அவ்வசதி இல்லை. காட்டினால் முழுவதையும் காட்டியாக வேண்டும். எனவே படம் முதற்காட்சியிலேயே கறுப்பு வெள்ளையில் தொடங்குகிறது. ஜோனாஸ் அறியும் முன்னரே நாம் அறிந்துவிடுகிறோம். இதை இயக்குநரின் குறையென்று சொல்ல மாட்டோம். ஊடகத்தின் இயல்பு அது. நிறங்கள் சிறுகச் சிறுகத் திரையில் ஊறிவரும் விதம் அழகாகவே இருந்தது. ஆயினும் அந்தத் திடுக்கீடு போயிற்று.

குறையென்று சொல்லத் தக்கவை வேறு. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் வேடத்துக்கு இருபதுகளில் இருந்த பிரென்டன் த்வைட்ஸ் வந்தார். பாத்திரத்தின் வயது கூட்டப்பட்டது. வயது கூடினால் காதல் வேண்டும், முத்தம் வேண்டும். நாவலில் குழந்தையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஊரைவிட்டு ஓடும் சிறுவன், படத்தில் மோட்டார் சைக்கிளில் பறக்கிறான். நாவலில் சில பக்கங்களே வரும் தலைமை மூதாளர், மெரில் ஸ்ட்ரீப் நடிப்பதால் ஒரு வில்லியாக வளர்ந்துவிடுகிறார். நாவலில் வில்லனே கிடையாது. எல்லோரும் நல்லவர்கள், அதுதான் அச்சம் தருவது. பதின்வயதினருக்கான சாகசப் படங்கள் வசூலைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. 'தி ஹங்கர் கேம்ஸ்' 2012-இல் வந்து வழிகாட்டியிருந்தது. அந்த அச்சில் இதையும் வார்க்க முயன்றிருக்கிறார்கள். முதியவராக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸ், இந்நாவலைத் தம் தந்தை லாயிட் பிரிட்ஜஸை நடிக்கவைத்து எடுக்க விரும்பி, அவர் 1998-இல் மறைந்த பிறகும் கைவிடாமல் காத்திருந்தவர். அந்தக் காத்திருப்பின் களைப்பு அவர் குரலில் இருக்கிறது. படத்தில் எங்களுக்கு நாவலின் வாசனை கிடைத்தது அவர் வரும் இடங்களில்தான்.

ஆனால் நாங்கள் எழுத நினைத்தது இவற்றையன்று. ஒரு சொல்லைப் பற்றி. அவ்வூரில் முதியவர்களும், விதியை மீறியவர்களும், எடை கூடாத சிசுக்களும் 'விடுவிக்கப்படுகிறார்கள்'. எங்கே போகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. 'வேறிடம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மகளுக்குச் சொல்லும்போது முதலில் 'விடுதலை' என்ற சொல்தான் நாவில் வந்தது. அதை அங்கே வைக்க மனம் ஒப்பவில்லை. 'விடுவிப்பு' என்று வைத்துக்கொண்டோம்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துவதுதான். ஆனால் இந்நாவலைத் தமிழில் சொல்லிவந்த இரவுகளில்தான் ஒன்று உறைத்தது. துஞ்சினார் என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இறப்பு தெரியும். சொல் அதன்மேல் ஒரு போர்வையை இடுகிறது, அவ்வளவே. போர்வைக்கடியில் இருப்பது என்னவென்று கேட்பவருக்குத் தெரியாதபோது அது மங்கலம் ஆகாது, பொய். 'விடுவிப்பு' அத்தகையது.

ஜோனாஸின் தந்தை, சிசுக்களைப் பேணும் தொழிலில் உள்ள கனிவான மனிதர், இரட்டையரில் எடை குறைந்த குழந்தையை விடுவிக்கும் பகுதிக்கு ஒரு நாள் வந்து சேர்ந்தோம். கொஞ்சும் குரலிலேயே அவர் ஊசி போடுகிறார். அசைவு நின்றதும் கையசைத்து விடைகொடுக்கிறார். நாங்கள் நிறுத்தினோம். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னீர்களே, அதுவும் இதுதானா?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான்கு வயதிருக்கையில் தாத்தா காலமானார். அன்றைய தினம் அவளை அடுத்த தெருவில் ஓர் உறவினர் வீட்டில் விட்டிருந்தோம். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்றோம். சில மாதங்கள் அவள் வாசலில் நின்று கேட்டாள், பிறகு கேட்கவில்லை. கேட்காததை மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையை எப்போது சொன்னோம் என்று யோசித்தால், சொல்லவேயில்லை. வளர்கையில் அவளாகவே தெரிந்துகொண்டாள். தன் தந்தை எப்படிப்பட்டவர் என்று அறிந்த ஜோனாஸ் அன்றிரவு வீட்டுக்குப் போக மறுக்கிறான். எங்கள் மகளுக்குப் போக வேறு வீடு இல்லை. அன்றிரவு அவளிடம் அந்த நாளைப் பற்றி முழுமையாகச் சொன்னோம். தாத்தா எத்தனை மணிக்குப் போனார், யார் அருகில் இருந்தார்கள், எங்கே எரித்தோம் என்பது உட்பட. அழுதாள். எங்கள்மேல் கோபம் இருந்தது, அது நியாயமானது.

இத்தனைக்கும் பிறகுதான் படம் பார்த்தோம். ஊசிக் காட்சியில் அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டின் முகத்தில் துளிக் கொடுமையும் இல்லை. நாவலிலிருந்து எதை மாற்றியிருந்தாலும் இதை மாற்றவில்லை என்பதற்காகவே இயக்குநருக்கு நன்றி சொல்லத் தோன்றிற்று.

முடிவுதான் எங்களைப் பிரித்தது. நாவலில் பனியில் உறையும் ஜோனாஸ், குழந்தையை அணைத்துக்கொண்டு சறுக்குவண்டியில் விளக்கொளியை நோக்கி இறங்குகிறான், இசை கேட்கிறது, கேட்பது மெய்தானா என்ற ஐயத்தோடு கதை நின்றுவிடுகிறது. பிழைத்தானா, உறைந்துபோகிறவனின் கடைசிக் கனவா? பின்னர் எழுதிய 'மெசஞ்சர்' (2004) நாவலில் லோரி அவனை உயிரோடு காட்டிவிட்டார் என்றாலும், இந்நாவலின் கடைசிப் பக்கம் அதைச் சொல்லாமல் விட்ட பக்கமாகவே நிற்கிறது. படமோ அந்த வீட்டைக் காட்டுகிறது. விட்டுவந்த ஊருக்கு நிறங்கள் திரும்புவதையும் காட்டுகிறது. எங்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; வயதானால் ஆறுதல் தேவைப்படுகிறது. மகள் முகம் சுளித்தாள். "நாம் பயந்துவிடுவோம் என்று நினைத்து, அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்கிறார்கள்" என்றாள்.

நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நாவலை எடுத்து, கடைசிப் பக்கத்தை அவளிடமே கொடுத்தோம். இம்முறை அவள் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.